டிவிஷன் தெருவில் ஒரு மாலை: சிகாகோவின் பழைய பேட்டை பார்களுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

வேலை மாறி சிகாகோ வருகிற நம் ஆட்களுக்கு பார் என்றால் இரண்டு வகைதான் தெரியும். ஊரில் டாஸ்மாக்கை ஒட்டிய பார் ஒன்று. இங்கே வந்த பிறகு ஆபீஸ் டீம் கூட்டிப்போகிற டவுன்டவுன் மொட்டைமாடி பார் இன்னொன்று. முதலாவதில் உட்கார மனசு வராது, இரண்டாவதில் பில்லைப் பார்த்தால் குடித்தது இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. வெளியே ஒரு பீர் விளம்பரப் பலகை, உள்ளே எதுவும் தெரியாத ஜன்னல், கனமான கதவு. திறந்தால் அரை இருட்டு, நீளமான மரக் கவுண்டர், வருஷம் முழுக்கக் கழற்றாத கிறிஸ்துமஸ் சீரியல் பல்பு, தினமும் அதே ஸ்டூலில் உட்காருகிற இரண்டு பெரியவர்கள். இதைத்தான் டைவ் பார் என்கிறார்கள்.

ஒரே மாலையில் இப்படி நாலு பார்களை நடந்தே பார்த்து வருவது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். முதல் பாரிலிருந்து கடைசி பார் வரை ஒரு கிலோமீட்டரைத் தாண்டாது.

படி 1: ஊரைச் சுற்றாதீர்கள், ஒரு தெருவைப் பிடியுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் இணையத்தில் "சிறந்த பத்து" பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஊர் முழுக்க ஊபரில் அலைவார்கள். பாதி நேரம் காரிலேயே போய்விடும். பேட்டை பாரை அந்தப் பேட்டையோடு சேர்த்துப் பார்த்தால்தான் அது ஏன் அங்கே இருக்கிறது என்பது புரியும்.

நான் சொல்கிற தெரு டிவிஷன். ஆஷ்லாண்ட் அவென்யூவிலிருந்து மேற்கே வெஸ்டர்ன் அவென்யூ வரைக்குமான இந்தத் துண்டுக்கு ஒரு காலத்தில் 'போலிஷ் பிராட்வே' என்று பெயர். போலந்திலிருந்து வந்த குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த இடம். ஆலையில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு முனைக்கு முனை ஒரு கடை இருந்தது. இன்று அதே தெருவில் யோகா ஸ்டூடியோவும் ஆறு டாலர் காபியும்தான் கண்ணில் படும். தாக்குப்பிடித்த பார்கள் அவற்றுக்கு நடுவே ஒடுங்கி நிற்கின்றன.

இந்த ஊருக்கும் குடிக்கும் உள்ள உறவு பழையது. 1855-ல் மேயர் லெவி பூன் மதுக்கடை உரிமக் கட்டணத்தை 50 டாலரிலிருந்து ஒரேயடியாக 300 ஆக்கி, ஞாயிற்றுக்கிழமை திறக்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டார். ஆறு நாள் உழைத்துவிட்டு ஏழாவது நாள் குடும்பத்தோடு உட்கார்ந்து பீர் குடிக்கிற ஜெர்மானியர்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். சிகாகோவின் முதல் பெரிய கலவரமே அதுதான். 1883-ல் கட்டணம் 500 டாலருக்கு ஏறியது. சின்னக் கடைக்காரரால் அதைக் கட்ட முடியுமா? பீர் ஆலைகள் முன்வந்து கட்டின, பதிலுக்கு எங்கள் பீரைத்தான் விற்க வேண்டும் என்று கடையை வளைத்துப்போட்டன. மில்வாக்கியின் ஷ்லிட்ஸ் ஆலை அப்படிக் கட்டிய கட்டடங்களில் சில இன்னும் நிற்கின்றன. பழைய செங்கல் கட்டடத்தின் நெற்றியில் பெல்ட் போட்ட உலக உருண்டைச் சிற்பம் தெரிந்தால் அது ஷ்லிட்ஸ் வீடு. மதுவிலக்கு முடிந்த 1933-க்குப் பிறகு ஆலை தனி, விநியோகம் தனி, கடை தனி என்று சட்டம் பிரித்துவிட்டது.

படி 2: பையில் இருக்க வேண்டியவை

முதலில் அடையாள அட்டை. இங்கே குடிக்கும் வயது 21. தலை நரைத்திருந்தாலும் கேட்பார்கள், கோபித்துக்கொள்ளக் கூடாது. இல்லினாய் லைசென்ஸோ ஸ்டேட் ஐடியோ இருந்தால் நல்லது. புதிதாக வந்தவர் என்றால் பாஸ்போர்ட்டையே எடுத்துப்போங்கள். நம் ஊர் ஓட்டுநர் உரிமத்தை வாசலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறவர்கள் உண்டு.

அடுத்து ரொக்கம். பழைய பார்கள் பலவற்றில் கார்டு எடுக்க மாட்டார்கள். மூலையில் ஒரு ஏடிஎம் இருக்கும், அது பிடிக்கிற கட்டணத்தில் பாதி பீர் வாங்கிவிடலாம். ஆளுக்கு 60 டாலர் போதும், ஆனால் ஒரு டாலர் நோட்டாக நிறைய வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று படி 4-ல் சொல்கிறேன்.

நாலு பேருக்கு மேல் போகாதீர்கள். பத்துப் பன்னிரண்டு ஸ்டூல் இருக்கிற இடத்தில் பதினைந்து பேர் ஒரே மாதிரி டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு நுழைவதைப் போலக் கொடுமை வேறில்லை. டிசம்பரில் சாண்டா வேஷம் கட்டிக் கூட்டம் கூட்டமாக வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாடிக்கைக்காரர்கள் அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

நேரம்: செவ்வாய் அல்லது புதன், மாலை ஐந்தரை மணி. வெள்ளி, சனி ராத்திரி வேண்டாம், பார்டெண்டருக்குப் பேச நேரம் இருக்காது. சாதாரண உரிமம் உள்ள பார்கள் இரவு 2 மணிக்கும், சனி இரவு மட்டும் 3 மணிக்கும் மூடும். உங்களுக்கு அதுவரை வேலை இல்லை. போகிற அன்று எந்தெந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், சில கடைகள் சாயங்காலம் தாமதமாகத்தான் திறக்கும்.

படி 3: வயிற்றைக் கவனியுங்கள்

இந்த பார்களில் பெரும்பாலும் அடுப்பே கிடையாது. சைடு டிஷ் என்று கேட்டால் சிப்ஸ் பாக்கெட்டைக் கிளிப்பிலிருந்து பிய்த்துத் தருவார்கள். ஆகவே சாப்பிட்டுவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம். சாதம், சப்பாத்தி, எதுவானாலும் சரி, காலி வயிற்றோடு போகாதீர்கள். பல இடங்களில் வெளியிலிருந்து பீட்சா வரவழைத்துக் கவுண்டரிலேயே வைத்துச் சாப்பிடலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சதுரமாக வெட்டிய மெல்லிய பீட்சா இந்த ஊர் பார்களோடு வளர்ந்ததுதான். ஊர்க்காரர்கள் அன்றாடம் தின்பது அதுதான், டூரிஸ்டுகள் வரிசையில் நிற்கிற அந்தத் தடிமனான பீட்சா விருந்தாளிகளுக்கு.

இந்தப் பேட்டையில் ராத்திரி சில சமயம் கூலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டமாலே விற்பவர் பாருக்குள்ளேயே வருவார். சோள மாவைச் சோளக் கதிரின் மட்டையில் சுற்றி வேகவைத்தது, சுடச்சுட இருக்கும். சைவக்காரர்கள் கவனிக்க: சீஸ் டமாலே என்றாலும் மாவைப் பன்றிக் கொழுப்பு சேர்த்துப் பிசைவது வழக்கம்.

படி 4: கதவைத் திறந்ததிலிருந்து

இதுதான் முக்கியமான படி, நிதானமாகப் படியுங்கள்.

நுழைந்ததும் மேஜையைத் தேடாதீர்கள். கவுண்டரில் உட்காருங்கள். ஒரு ஸ்டூலுக்கு முன்னால் பாதி பீர் இருந்து, கிளாஸ் வாய் மேல் அட்டை வைத்திருந்தால் அந்த ஆள் சிகரெட் பிடிக்க வெளியே போயிருக்கிறார் என்று அர்த்தம். 2008 ஜனவரி முதல் தேதியிலிருந்து இல்லினாயில் பாருக்குள் புகைக்க முடியாது. அந்த இடத்தில் உட்காராதீர்கள்.

பார்டெண்டர் எதிரே வரும்வரை காத்திருங்கள். கையைத் தட்டுவது, "எக்ஸ்க்யூஸ் மீ" என்று குரல் கொடுப்பது, நோட்டை ஆட்டிக் காட்டுவது, மூன்றும் ஆகாது. நீங்கள் உட்கார்ந்ததை அவர் பார்த்தாயிற்று.

வந்ததும் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லுங்கள். மெனு கேட்காதீர்கள், இருக்காது. எந்த பீர் என்று குழம்பினால் ஓல்ட் ஸ்டைல் கேளுங்கள். விஸ்கான்சினின் லா க்ராஸ் ஊரில் ஹைல்மன் ஆலையில் பிறந்த லாகர் வகை பீர், ஆனால் சொந்தம் கொண்டாடுவது சிகாகோ. எழுபது, எண்பதுகளில் பேட்டை பார்களின் வாசலில் மாட்டிய அதன் விளக்குப் பலகைகள்தான் இன்றும் டைவ் பாரைத் தூரத்திலிருந்து காட்டிக்கொடுக்கும். போலிஷ்காரர்கள் பேட்டையில் சில பலகைகளின் அடியில் 'ஜிம்னே பிவோ' என்று எழுதியிருக்கும். குளிர்ந்த பீர் கிடைக்கும் என்பதைப் போலிஷ் மொழியில் சொல்கிறது. மோஹிட்டோ மட்டும் கேட்காதீர்கள். புதினா இருக்காது, இருந்தாலும் அதை இடிக்க அவருக்கு விருப்பமிருக்காது.

பணம்: ஒரு 20 டாலர் நோட்டைக் கவுண்டரில் உங்கள் முன்னால் வையுங்கள். அவர் எடுத்துக்கொண்டு மீதியை அங்கேயே வைப்பார். அதை அள்ளிப் பையில் போடாதீர்கள், அப்படியே இருக்கட்டும். அடுத்த ரவுண்டுக்கு அதிலிருந்தே எடுத்துக்கொள்வார். கவுண்டரில் பணம் கிடக்கிறவரை நீங்கள் இன்னும் கிளம்பவில்லை என்று அவருக்குத் தெரியும். டிப் ஒரு பீருக்கு ஒரு டாலர், கார்டில் மொத்தமாகக் கட்டினால் 20 சதவீதம். அதற்குத்தான் சில்லறை.

திடீரென்று உங்கள் முன்னால் காலி ஷாட் கிளாஸ் ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். பயப்பட வேண்டாம். பக்கத்தில் யாரோ உங்களுக்கு ஒரு ரவுண்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார், அடுத்த டிரிங்குக்குக் காசு வேண்டாம் என்பதற்கு அடையாளம் அது. யாரென்று கேட்டு, கிளாஸைத் தூக்கிக் காட்டுங்கள். பிறகு நீங்களும் அவருக்கு ஒன்று சொல்லுங்கள். வேண்டாம், போதும் என்றாலும் தப்பில்லை, சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

பேச்சு தானாக வரும். பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தால் ஸ்கோர் கேட்டாலே போதும். இந்த ஊரின் இரண்டு அணிகளில் நீங்கள் கப்ஸ் ரசிகரா, வைட் சாக்ஸ் ரசிகரா என்று திருப்பிக் கேட்பார்கள். கிரிக்கெட் ஊர்க்காரன் என்று சொல்லித் தப்பித்துவிடுங்கள். அப்புறம் எல்பிடபிள்யூ விதியை விளக்க வேண்டிவரும், அரை மணி நேரம் ஓடிவிடும். கேட்காமல் யாரையும் ஃபோட்டோ எடுக்காதீர்கள். பகலில் பாரில் உட்கார்ந்திருப்பதை வீட்டில் சொல்லாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

படி 5: நாலு கதவுகள்

புளூ லைன் ரயிலில் டிவிஷன் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே நடங்கள். இந்த ஊர்க் கதவிலக்கம் ஒரு மைலுக்கு 800 வீதம் ஏறும். ஸ்டேஷன் இருக்கும் ஆஷ்லாண்ட் 1600, டேமன் அவென்யூ 2000. அதாவது நடுவில் அரை மைல். இது மனசில் இருந்தால் மேப் வேண்டாம்.

கதவிலக்கம் 1755-ல் இடது கைப்பக்கம் கோல்டு ஸ்டார் பார். பூல் மேஜை, காசு போட்டால் பாட்டு ஓடும் ஜூக்பாக்ஸ், நீள கவுண்டர். முதல் பீருக்கு ஏற்ற இடம், ஆர்ப்பாட்டம் கிடையாது. அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் எதிர்ச்சாரியில் 1800, ஃபிலிஸ் மியூசிக்கல் இன். 1954-ல் ஒரு குடும்பம் போல்கா என்ற துள்ளல் நடன இசைக்காகத் தொடங்கியது, பிறகு ராக் பாண்டுகள் பிடித்துக்கொண்டன. வாத்தியச் சத்தம் தொடங்கும் முன் போனால் பேசலாம்.

டேமன் வந்ததும் இடதுபக்கம் திரும்புங்கள். அந்த அவென்யூவின் 1150-ல் ரெயின்போ கிளப். நாலில் எனக்குப் பிடித்தது இதுதான். கவுண்டருக்குப் பின்னால், பாட்டில்களுக்கு மேலே, சின்ன மேடை ஒன்று இருக்கிறது. பழைய காலத்தில் அதில் நடன நிகழ்ச்சிகள் நடந்தன. இப்போது ஓவியர்களும் பாட்டுக்காரர்களும் வந்துபோகிற இடம். ஃபோட்டோ பூத்தில் நால்வரும் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒரு படம் எடுங்கள், அன்றைய செலவில் உருப்படியானது அதுவாகத்தான் இருக்கும்.

கடைசியாக தாமஸ் தெருவில் இன்னர் டவுன் பப். ரெயின்போவிலிருந்து டேமனிலேயே தெற்கே தாமஸ் தெரு வரை இறங்கி இடப்பக்கம் திரும்பினால் கதவிலக்கம் 1935. வீடுகளுக்கு நடுவே, பலகையைப் பார்க்காவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். சத்தம் போடாமல் வெளியே வாருங்கள், மாடியில் ஆட்கள் தூங்குகிறார்கள்.

கணக்கு: ஒரு பாருக்கு ஒரு மணி நேரம், ஒரு டிரிங்க். 355 மில்லி பீரும் 44 மில்லி விஸ்கி ஷாட்டும் ஏறக்குறைய ஒரே அளவு ஆல்கஹால். உடம்பு அதைக் கரைக்க ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் எடுக்கும். ஒவ்வொரு பாரிலும் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர் கேளுங்கள், இலவசம். குடிக்காத நண்பர் கூட வந்தால் கோக் அல்லது சோடா வாங்கலாம், ஒரு டாலர் டிப் வைத்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

படி 6: மலோர்ட்

மூன்றாவது பாருக்கு வருவதற்குள் நீங்கள் புதியவர் என்று தெரிந்து யாராவது கண்ணடித்து மலோர்ட் என்ற இந்தக் கசப்பு மதுவை வாங்கிக் கொடுப்பார்கள். கார்ல் ஜெப்சன் என்ற ஸ்வீடன்காரர் மதுவிலக்குக் காலத்தில் வயிற்று மருந்து என்று சொல்லி வீடு வீடாக விற்றது. போலீஸ் சுவைத்துப் பார்த்துவிட்டு, இதை யாரும் ஆசைக்குக் குடிக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டதாக ஊரில் கதை உண்டு. 35 சதவீத ஆல்கஹால். கசப்புக்குக் காரணம் நம் மாசிபத்திரியின் வகையறாச் செடி. பல வருஷம் ஃபுளோரிடாவில் தயாராகி, 2018-ல் சி.ஹெச். டிஸ்டிலரி வாங்கிய பிறகு சிகாகோவுக்கே திரும்பியது.

நமக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. டெங்கு சீசனில் நிலவேம்புக் கசாயம் குடித்து வளர்ந்த நாக்கு இது. வெள்ளைக்காரர்கள் முகம் கோணி மேஜையைத் தட்டும்போது நீங்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு மிடறு ஓல்ட் ஸ்டைல் குடித்தால் கவுண்டரில் மதிப்பு கூடிவிடும். ஓல்ட் ஸ்டைலும் மலோர்ட் ஷாட்டும் சேர்ந்தால் 'சிகாகோ ஹேண்ட்ஷேக்'. ஒரு தடவை போதும். அன்றைய கணக்கில் அது இரண்டு டிரிங்க், அடுத்த பாரில் தண்ணீர் மட்டும்.

படி 7: வீடு திரும்புதல்

காரை எடுத்தே போகாதீர்கள். இல்லினாயில் ரத்த ஆல்கஹால் வரம்பு 0.08 சதவீதம். விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: குடித்து ஓட்டியதற்காகக் கைதானாலே, வழக்கு முடியும் முன்பே, அமெரிக்க வெளியுறவுத் துறை பாஸ்போர்ட்டில் உள்ள விசாவை ரத்து செய்யலாம். 2015-லிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போனால் தூதரகத்தில் புதிதாக விசா வாங்கித்தான் திரும்ப முடியும்.

புளூ லைன் 24 மணி நேரமும் ஓடும். இன்னர் டவுனிலிருந்து டிவிஷன் ஸ்டேஷனுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. குளிர் தாங்காவிட்டால் டிவிஷன் தெருவிலேயே 70-ஆம் நம்பர் பஸ் கிழக்கே போகும். மிச்ச பீரைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடக்க முடியாது, திறந்த பாட்டிலோடு பிடித்தால் அபராதம்.

இந்த வழி பிடித்துப்போனால் அடுத்ததாக வடக்கே ஆண்டர்சன்வில் போங்கள். கிளார்க் தெருவில் 1934-ல் தொடங்கிய சைமன்ஸ் டேவர்ன் இருக்கிறது. குளிர்காலத்தில் ஏலமும் பட்டையும் போட்டுச் சூடாக்கிய ஸ்வீடிஷ் ஒயின் கிடைக்கும், அதற்குப் பெயர் குளோக். ரெட் லைனில் பெர்வின் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே நடக்க வேண்டும்.