குழந்தைப் படம் இல்லாத கொப்பி

நாங்கள் தத்தெடுத்த மகள் எங்களிடம் வந்தது நாலு வயதில். தரம் 3 சுற்றாடல் பாடத்துக்குக் கைக்குழந்தைப் படமும் குடும்ப மரமும் கேட்டார்கள். அன்றிரவு கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் அவ கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து மேசைக்குக் கீழே போட்டிருந்தா. பென்சிலால் ஒரு கிளை மட்டும் வரைந்து, அதையும் அழித்த தடம்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் சத்தம் போட்டேன். அது பிழை. ரீச்சருக்கு விசயமே தெரியாது, நான்தான் சொல்லவில்லை.

பிறகு மகளிடமே கேட்டேன், யாருக்கு எவ்வளவு சொல்லலாம் என்று. "ரீச்சருக்கு மட்டும், பிள்ளைகளுக்கு வேண்டாம்" என்றா. அந்த அளவுக்கு மட்டும் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன்: பழைய கதையைக் கேட்க வேண்டாம், திடீரென இடம் மாற்றினால் பயப்படுவா, அழுதால் நூலகப் பக்கம் பத்து நிமிடம் இருக்க விடுங்கள். ரீச்சர் வீட்டுவேலையை 'என்னைப் பார்த்துக்கொள்பவர்கள்' என்று முழு வகுப்புக்கும் மாற்றினா. அம்மம்மாவோடு வளரும் இன்னொரு பெடியனுக்கும் அது உதவியதாம்.

அலுவலகத்தில்தான் இழுபறி. "உண்மையான பிறப்புச் சான்றிதழ் எங்கே?" என்று எழுதுவினைஞர் மகள் காதுபடக் கேட்டார். மகவேற்பு, அதாவது தத்தெடுப்பு, 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நீதிமன்றக் கட்டளையோடு நடப்பது, பதிவாளர் நாயகம் திணைக்களச் சான்றிதழ் இதோ என்று பிரதியை நீட்டினேன். இப்போது பையில் எப்போதும் இரண்டு பிரதி. அந்த மாதிரி இடத்துக்கு மகளைக் கூட்டிப்போவதில்லை.

மகளின் மரத்தில் எங்கள் தெரு முச்சக்கரவண்டி அண்ணனும் ஒரு கிளையில் இருக்கிறார்.