செயற்கைக்கோள் படத்தில் பயிரைப் பார்க்கும்போது எங்கே தவறுகிறோம்?

சென்டினல்-2, லேண்ட்சாட், மோடிஸ் படங்கள் எல்லாமே இலவசம். கணினி இருந்தால் யாரும் என்டிவிஐ (பயிரின் பச்சையைக் காட்டும் எண்) வரைபடம் போட்டுவிடலாம். அதைப் படிப்பதில்தான் கோளாறு.

முதல் தவறு, பச்சையை விளைச்சலாக எடுத்துக்கொள்வது. இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த வித்தியாசத்தைத்தான் என்டிவிஐ அளக்கிறது. அதாவது அது பார்ப்பது இலையை, மணியை அல்ல. 2022 பிப்ரவரியில் இந்தியக் கோதுமை விளைச்சல் சுமார் 11.1 கோடி டன் இருக்கும் என்று அரசு கணித்தது. மார்ச்சில், மணி பால் பிடிக்கும் நேரத்தில், வட இந்தியாவில் வெயில் கொளுத்திவிட்டது. மே மாதம் கணிப்பு 10.6 கோடி டன்னாக இறங்கியது, ஏற்றுமதிக்கும் தடை வந்தது. பிப்ரவரிப் படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது. எனவே பூக்கும், மணி முற்றும் நாட்களின் வெப்பநிலையையும் மண் ஈரத்தையும் கூடவே பாருங்கள். இன்னொன்று: பயிர் அடர்ந்து மூடியபின் என்டிவிஐ ஏறக்குறைய 0.8-ஐத் தாண்டி அதிகம் ஏறாது. நல்ல பயிரும் மிக நல்ல பயிரும் ஒரே மாதிரி தெரியும்.

அடுத்தது, போன வருடத்தோடு மட்டும் ஒப்பிடுவது. விதைப்பு இரண்டு வாரம் தள்ளிப்போனாலே பச்சை குறைந்ததாக வரைபடம் சிவந்துவிடும். உடனே வறட்சி என்று எழுதிவிடுகிறார்கள். பல ஆண்டுச் சராசரியை எடுங்கள், அந்த வட்டாரத்தின் விதைப்பு, அறுவடைக் காலத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பயிர் நிலத்தை மட்டும் பிரித்தெடுக்காமல் மாவட்டச் சராசரி போடுவதும் ஆபத்து. ராமநாதபுரத்தில் மழை பொய்த்தாலும் சீமைக்கருவேலம் பச்சையாகத்தான் நிற்கும்! மோடிஸ் படத்தின் ஒரு புள்ளி, அதாவது 250 மீட்டர் கட்டம் ஒன்றே 15 ஏக்கருக்கு மேல். அதற்குள் வயல், வரப்பு, தோப்பு, தெரு எல்லாம் கலந்திருக்கும். சிறு வயல்களுக்கு சென்டினல்-2-இன் 10 மீட்டர் படம்தான் சரி.

அப்புறம் மேகம். வடகிழக்குப் பருவமழையில் டெல்டாவின் சம்பாப் பயிரை சாதாரணப் படத்தில் பார்க்கக் கிடைப்பதே அரிது. மேகத்தையும் அதன் நிழலையும் நீக்காமல் விட்டால் நல்ல வயலும் நோஞ்சானாகத் தெரியும். அங்கே சென்டினல்-1 ரேடார் படம் உதவும். அது மேகத்தை ஊடுருவும், நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலையும் காட்டிக்கொடுக்கும்.

உலக அளவில் பயிர் நிலையைக் கண்காணிக்கும் ஜியோகிளாம் அமைப்பே படத்தோடு நிற்பதில்லை. அதன் மாதாந்தர அறிக்கை, பல நாட்டு வல்லுநர்கள் களத் தகவலையும் வானிலையையும் சேர்த்துப் பேசி முடிவெடுத்த பிறகுதான் வெளிவருகிறது.