காகிதக்கூழில் எலாஸ்மோசரஸ் செய்யலாம் வாங்க

சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவின் கான்சாஸ் பகுதி கடலாக இருந்தது. அங்கே நீந்தித் திரிந்த ஊர்வனதான் எலாஸ்மோசரஸ். இது டைனோசர் இல்லை. பிளீசியோசர் என்ற தனி வகை. சுமார் 10 மீட்டர் நீளம், அதில் 7 மீட்டர் வெறும் கழுத்து!

பல பொம்மைகளிலும் படங்களிலும் அந்தக் கழுத்து அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்து, தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். அந்த எலும்பு அமைப்புக்கு அது முடியாத காரியம். எனக்கு இது பெரிய மனக்குறை. சரியான உருவத்தை நாமே செய்துவிடுவோம்.

தேவை: செய்தித்தாள், ஃபெவிகால், சாக்பீஸ் தூள், கட்டுக்கம்பி, நூல், அட்டை, இரண்டு மூன்று கூழாங்கற்கள், பெயிண்ட். களிமண் வேண்டாம். காயும்போது அது சுருங்கும், உள்ளே இருக்கும் கம்பி சுருங்காது, அதனால் வெடித்துவிடும்.

படி 1: தாளைக் கிழித்து இரவு முழுக்க ஊறவையுங்கள். பிழிந்து அரைத்து, ஃபெவிகாலும் சாக்பீஸ் தூளும் சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள்.

படி 2: நிஜத்தில் 1 மீட்டர் என்றால் நமக்கு 4 செ.மீ. தலை 2, கழுத்து 28, உடல் 6, வால் 4. மொத்தம் 40 செ.மீ. இரண்டு கம்பிகளை முறுக்கி ஒன்றாக்கி, இந்த அளவுகளைக் குறியுங்கள். தலைப் பக்கம் ஒரு நூலை அடையாளமாகக் கட்டிவிடுங்கள். 1868-ல் இதற்குப் பெயர் வைத்த அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் டிரிங்கர் கோப், நீண்ட கழுத்தை வால் என்று எண்ணி, தலையை மறுமுனையில் வைத்துவிட்டார். இன்னொரு ஆய்வாளரான ஜோசஃப் லெய்டி அதைச் சுட்டிக்காட்டினார். இவ்வளவு நீளக் கழுத்தை அதுவரை யார் பார்த்தார்கள்? கோப் தடுமாறியதில் வியப்பே இல்லை.

படி 3: கழுத்துக்குத்தான் நிதானம் வேண்டும். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எலும்புகள் 7. இதற்கோ சுமார் 72. ஆனால் அவை நெருக்கமாகப் பொருந்தியிருந்ததால், ஒவ்வொரு மூட்டிலும் சிறிதளவே அசைவு. அதனால் கம்பியைக் கிட்டத்தட்ட நேராக வைத்து, பக்கவாட்டில் மட்டும் லேசாக வளையுங்கள். கூழை மெல்லிய பூச்சாகப் பூசி, நிழலில் காயவைத்து, அப்புறம் அடுத்த பூச்சு. உடலை நெருங்க நெருங்கக் கழுத்து தடிக்க வேண்டும்.

படி 4: உடலை உருட்டும்போது கூழாங்கற்களை வயிற்றுக்குள் புதைத்துவிடுங்கள். எலாஸ்மோசரஸின் உறவினங்களுடைய புதைபடிவங்களில், வயிற்றுப் பகுதியில் இப்படிக் கற்கள் கிடைத்திருக்கின்றன. நமக்கும் பயன் உண்டு: கழுத்தின் கனத்தால் பொம்மை முன்பக்கம் சாயாது.

படி 5: துடுப்புகள் நான்கு, ஒவ்வொன்றும் சுமார் 5 செ.மீ. அட்டையில் வெட்டி ஒட்டி, மேலே கூழ் பூசுங்கள். துடுப்பில் விரல்கள் தனித்தனியாகத் தெரியக் கூடாது.

படி 6: தலை சிறிதுதான். பற்கள் ஊசி மாதிரி நீண்டு, ஒன்றோடொன்று கோத்து நிற்கும். பல்குத்தி நுனிகளை நறுக்கிச் செருகினால் போதும். நன்றாகக் காய்ந்ததும் முதுகுக்கு அடர்நிறம், வயிற்றுக்கு வெளிர்நிறம்.

கடைசியாக, கழுத்தின் நடுவில் ஒரு நூல், உடலில் ஒரு நூல் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுங்கள். மின்விசிறிக் காற்றில் அது மெல்ல நீந்தும்.