கல்லூரி இசை இதழ் போடுவது எப்படி? வாசகரிலிருந்து தொடங்குங்கள்

இசை இதழ் கொண்டுவரலாம் என்று நாலு பேர் கூடினால் முதலில் அட்டையைத்தான் வரைவார்கள். வேலூரில் படித்தபோது நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். அட்டையில் கிதார், உள்ளே எங்களுக்குப் பிடித்த இசையமைப்பாளர்களைப் பற்றி நாங்களே எழுதிய கட்டுரைகள். நூறு பிரதி போட்டதில் பாதிக்கு மேல் விடுதி அறையிலேயே தங்கிவிட்டது. இதை யார் படிக்கப்போகிறார்கள் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால் இந்த விளக்கத்தில் அட்டை கடைசியில்தான் வரும்.

படி 1: வாசகரைக் கண்டுபிடியுங்கள்

‘மாணவர்கள்’ என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி ஓடிவருபவரும் மாணவர், குடியாத்தம் பஸ்ஸில் நின்றபடியே வருபவரும் மாணவர், வெளிமாநிலத்திலிருந்து வந்து விடுதியில் இருப்பவரும் மாணவர். வீட்டில் தமிழ் பேசுகிறவர், உருது பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர் மூவரும் இங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் காதில் ஓடும் பாட்டும் ஒன்றாக இருக்காது.

முப்பது பேரிடம் துண்டுச்சீட்டு கொடுங்கள். பெயர் எழுதச் சொல்லாதீர்கள்; பெயர் இருந்தால் உண்மை குறையும். ‘உங்களுக்கு எந்த இசை பிடிக்கும்?’ என்றும் கேட்காதீர்கள். அதற்குக் கௌரவமான பதில்தான் வரும். இந்த நாலைக் கேளுங்கள்: நேற்று கடைசியாகக் கேட்ட பாட்டு எது? எங்கே இருந்து கேட்டீர்கள்? இயர்போனிலா, ஸ்பீக்கரிலா, நேரிலா? உங்கள் வீட்டிலோ தெருவிலோ பாடவோ வாசிக்கவோ தெரிந்தவர் யார்?

நாலாவது கேள்வியில்தான் இதழின் உயிர் இருக்கிறது. இரண்டாவது இதழுக்கு அதைக் கேட்டபோது பம்பை அடிக்கும் மாமா, சர்ச் கொயரில் பாடும் அக்கா, கூத்தில் முகவீணை ஊதும் தாத்தா என்று சீட்டு சீட்டாக வந்தார்கள். இத்தனை நாள் பக்கத்து பெஞ்சில் இருந்தவர்களின் வீட்டு ஆட்கள். நம் மண் அப்படிப்பட்டது. தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை, 1989-ல் மாவட்டம் பிரியும்வரை வேலூரும் சேர்ந்திருந்த இதே வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. திருப்புகழை ஊர் ஊராகப் பரப்பிய வள்ளிமலை சுவாமிகள் வாழ்ந்த வள்ளிமலை காட்பாடி வட்டத்தில் இருக்கிறது. மயானக் கொள்ளைத் திருவிழாவன்று பாலாற்றங்கரைக்குப் போனவர்களுக்குப் பம்பைச் சத்தம் மறக்காது. இவற்றை உங்களைவிட நெருங்கி நின்று எழுதக்கூடிய பத்திரிகை வேறெங்கும் இல்லை.

சீட்டுகளை மேசையில் பரப்பி, ஒத்துப்போகிறவற்றைக் குவியலாக்குங்கள். பெரிய குவியலிலிருந்து ஒரே ஒரு ஆளை எழுத்தில் வடித்துச் சுவரில் ஒட்டுங்கள். எங்களுடையது: ‘குடியாத்தம் பஸ்ஸில் வரும் இரண்டாமாண்டு மாணவி. போனில் சினிமாப் பாட்டு. தாத்தா கூத்துக்காரர், ஆனால் கூத்தைப் பற்றி அவரிடம் பேசியதில்லை.’ இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இவரிடம் கேட்டே எடுங்கள்.

படி 2: அளவும் பக்கமும்

பஸ்ஸில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும். மறு கையில் அடங்குவது ஏ5 அளவு, அதாவது 148 × 210 மி.மீ. ஏ4 தாளை நடுவில் மடித்தால் அதுதான். ஒரு தாளுக்கு நாலு பக்கம் என்பதால் மொத்தப் பக்கங்கள் நாலின் மடங்காக இருக்க வேண்டும். ஆறு தாள், 24 பக்கம் என்பது முதல் இதழுக்குச் சரியான அளவு.

வெற்றுத்தாள் ஆறை மடித்து, பென்சிலால் பக்க எண் போட்டுப் பாருங்கள். பிரித்தால் 1-ம் பக்கத்துக்குப் பக்கத்தில் 24 இருக்கும், 2-க்குப் பக்கத்தில் 23. எந்தத் தாளை எடுத்தாலும் கூட்டுத்தொகை 25. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒரே தாளில் விழும் இடம் 12, 13 மட்டும்தான். பெரிய படத்தை அங்கே வையுங்கள். நடுவில் பின் அடிக்கச் சாதாரண ஸ்டாப்ளர் எட்டாது. ஜெராக்ஸ் கடையில் நீள ஸ்டாப்ளர் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படி 3: தாளில் சத்தத்தைக் கொண்டுவருவது

‘அருமையான இசை’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கேட்காது. பம்பையில் இரண்டு உருளைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டியிருக்கும். ஒன்று மரம், மற்றது உலோகம். எந்தப் பக்கம் எப்போது பேசும், தோலை எப்படிப் பதப்படுத்துகிறார், குச்சி எதில் செய்தது என்று வாசிப்பவரிடமே கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். அவர் சம்மதத்தோடு ஒரு நிமிட வாசிப்பைப் போனில் பதிவுசெய்து, கட்டுரை ஓரத்தில் க்யூஆர் கட்டமாகப் போடுங்கள். கட்டம் 2 செ.மீ.க்குக் குறைய வேண்டாம்.

சினிமாப் பாடலை முழுதாக அச்சிடாதீர்கள். பாடலாசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டு.

படி 4: எழுத்தும் படமும்

நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள். கட்டுரைக்கு 10 பாயின்ட் வைத்தால் வரி இடைவெளி 15 வையுங்கள். ‘கீ’ மேலே சுழிக்கும், ‘மூ’ கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைக்கும் இடைவெளியில் இரண்டும் முட்டிக்கொள்ளும். பல டிடிபி கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள்தான் புழங்குகின்றன. நீங்கள் யூனிகோடில் அடித்த கோப்பை அங்கே திறந்தால் எழுத்து சிதறலாம், எனவே பிடிஎஃப் ஆக்கியே கொண்டுபோங்கள். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் செய்தால் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும்.

ஏ5 முழுப் பக்கப் படம் தெளிவாக வர 1748 × 2480 பிக்சல் தேவை. போன் கேமராவுக்கு இது எளிது. ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

படி 5: இப்போது அட்டை

இதழின் பெயர், ஒரு முகம், ஒரு வரி. அவ்வளவு போதும். எங்கள் இரண்டாவது அட்டையில் கிதார் இல்லை. முகவீணையோடு அந்தத் தாத்தா இருந்தார். அட்டையைக் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்து, கேன்டீனில் ஒருவருக்கு மூன்று நொடி காட்டி மறைத்துவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். இசையைப் பற்றி ஒரு வார்த்தையும் வராவிட்டால் அட்டையை மாற்றுங்கள்.

படி 6: பத்துப் பிரதி

மொத்தமாக அச்சிடும் முன் பத்தே பிரதி ஜெராக்ஸ் எடுத்து, நீங்கள் சுவரில் ஒட்டியவரைப் போன்ற பத்துப் பேரிடம் கொடுங்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்ப வாங்கி, எந்தப் பக்கத்தில் மடிப்பு விழுந்திருக்கிறது, எது புதுசாகவே இருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள். புதுசாக இருக்கும் பக்கத்தைத் திருத்திய பிறகு மீதியை அச்சிடுங்கள்.

ஒவ்வொரு பிரதியின் நடுப்பக்கத்திலும் அதே நாலு கேள்விச் சீட்டை வைத்துக் கொடுங்கள். எழுதியதைப் போட கேன்டீன் கவுன்ட்டரில் ஒரு பிஸ்கட் டின் வைத்தால் போதும்.