ஒரு கூடைப்பந்து அணியின் எழுச்சியைப் படிப்பது எப்படி?

பெரம்பூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து கற்றுத்தருகிறேன். மைதானத்துக்கு வரும் பையன்களில் பலர் ஸ்டீபன் கர்ரியின் முப்பதாம் நம்பர் ஜெர்சியில்தான் வருகிறார்கள். அவருடைய அணி எப்படி மேலே வந்தது என்று கேட்டால், கோப்பையைத் தூக்கிய வீடியோவைக் காட்டுகிறார்கள். அது கதையின் முடிவு. முதலிலிருந்து படிக்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஆடும் அந்த அணியை, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை வைத்தே சொல்கிறேன்.

ஒரு கோடு போட்ட நோட்டு போதும். வருஷம், வெற்றி, கோச், வந்தவர், போனவர் என்று கட்டம் போடுங்கள். கோப்பை வென்ற வருஷத்திலிருந்து ஐந்தாறு வருஷம் பின்னால் போய் ஆரம்பியுங்கள். வாரியர்ஸ் 2015-இல் வென்றது. 2009–10 சீசனில் 82 ஆட்டங்களில் அதன் வெற்றி வெறும் 26. அடுத்தது 36. அதற்கடுத்து, சம்பளத் தகராறால் 66 ஆட்டங்களாகச் சுருங்கிய சீசனில் 23. பிறகு 47, 51, கோப்பை வருஷத்தில் 67. 23-க்கும் 47-க்கும் நடுவில் என்னவோ நடந்திருக்கிறது இல்லையா? அங்கேதான் தோண்ட வேண்டும்.

தோண்டினால் 2012 மார்ச் மாதம் வருகிறது. ரசிகர்கள் உயிராக நினைத்த மான்டா எல்லிஸை மில்வாக்கி அணிக்குக் கொடுத்துவிட்டு, கணுக்கால் உடைந்து உட்கார்ந்திருந்த ஆண்ட்ரூ போகட்டை வாங்கினார்கள். 2010-இல் 45 கோடி டாலருக்கு அணியை வாங்கிய குழுவின் தலைவர் ஜோ லேகப். அந்த மாற்றம் முடிந்த சில நாளில் சொந்த மைதானத்திலேயே மைக்கைப் பிடித்தார். அவரைப் பேசவிடாமல் கூட்டம் கூச்சல் போட்டது. இதைப் படிக்கும்போது அந்த வாரத்துச் செய்திகளையே தேடிப் படியுங்கள். வெற்றிக்குப் பிறகு எழுதிய பாராட்டுக் கட்டுரைகளில் எல்லாமே முன்கூட்டித் திட்டமிட்டதுபோல இருக்கும். அன்று யாருக்கும் அப்படித் தெரியவில்லை. எல்லிஸும் கர்ரியும் உயரம் குறைந்த கார்டுகள், அதாவது கூடையிலிருந்து தள்ளி நின்று பந்தைக் கொண்டுபோகிறவர்கள். இருவரையும் ஒன்றாக இறக்கினால் தடுப்பாட்டம் ஓட்டையாகும். எல்லிஸ் போனதால் கிளே தாம்சனுக்கு இடம் கிடைத்தது, கூடைக்கு அடியில் நிற்க ஒரு சென்டர் கிடைத்தார். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

அப்புறம் டிராஃப்ட். புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் நாள் அது. தோற்ற அணிகளுக்கு முன்வரிசை. கர்ரி 2009-இல் ஏழாவது, தாம்சன் 2011-இல் பதினோராவது, டிரேமண்ட் கிரீன் 2012-இல் முப்பத்தைந்தாவது. அதிர்ஷ்டத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். 2012-இல் அவர்களின் முதல் சுற்று வாய்ப்பு முதல் ஏழு இடத்துக்குள் வராமல் போயிருந்தால், முன்பு செய்த ஒரு பேரத்தின்படி யூட்டா அணிக்குப் போயிருக்கும். சரியாக ஏழில் நின்றது. ஹாரிசன் பார்ன்ஸ் வந்தார்.

சம்பளக் கணக்கை விட்டுவிடாதீர்கள். கணுக்கால் அடிக்கடி காலை வாரியதால் 2012-இல் கர்ரி நான்கு வருஷத்துக்கு 4.4 கோடி டாலர் என்ற சிறிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த மிச்சம்தான் பின்னாளில் மற்றவர்களைக் கொண்டுவர உதவியது.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒரே ஒரு முழு ஆட்டம் பாருங்கள்: 2015 இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம். கிளீவ்லாந்து 2–1 என முன்னிலையில் இருந்தது. அந்த சீசனில்தான் வந்த கோச் ஸ்டீவ் கெர், போகட்டை உட்காரவைத்துவிட்டு ஆண்ட்ரே இகுடாலாவை முதல் ஐவரில் இறக்கினார். யோசனை சொன்னது நிக் யூரென் என்ற இளம் உதவியாளர். பந்தைப் பார்க்காதீர்கள், கிரீன் எங்கே நிற்கிறார், யாரைத் தடுக்கிறார் என்று மட்டும் பாருங்கள். 103–82 என்று வென்றார்கள். மூன்று வருஷத்துக்கு முன் அவ்வளவு கூச்சலுக்கு நடுவே வாங்கிய அதே போகட்டை உட்காரவைக்க ஒரு கோச்சுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இதே நோட்டில் நம் ஊர் அணிகளுக்கும் பக்கம் ஒதுக்கச் சொல்கிறேன். சென்னையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) போன்ற அணிகள் உண்டு. இங்கே டிராஃப்ட் கிடையாது. ஆட்டக்காரர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. அதனால் கட்டங்களை மாற்றுங்கள்: எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி, எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தார், கூட யார் சேர்ந்தார்கள். இதெல்லாம் இணையத்தில் அதிகம் கிடைக்காது. போட்டி நடக்கும்போது நேரு ஸ்டேடியத்துக்குப் போங்கள். கேலரியில் உட்கார்ந்திருக்கும் பழைய ஆட்டக்காரர்களிடம், இடைவேளையில், மரியாதையாகப் போய் நில்லுங்கள். "சார், நீங்க தோத்துக்கிட்டே இருந்த வருஷம் எது?" என்று கேளுங்கள். ஜெயித்த வருஷத்தை அவர்களே சொல்வார்கள்.