சென்னை மழையில் பைக்: முதலில் கண், அப்புறம்தான் டயர்

அக்டோபர் பாதி தாண்டிவிட்டால் ரெயின்கோட் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இப்படித்தான் விட்டுவிட்டு அடிக்கும். நான் மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வழியாக ஓ.எம்.ஆர். போய் வருகிறவன். தண்ணீர் தேங்கும் பள்ளிக்கரணைப் பக்கத்துச் சாலை ஒரு பாதி, மெட்ரோ வேலை நடக்கும் சாலை மறு பாதி. முதல் மழைக்காலத்தைப் பார்க்கப்போகும் புது ஓட்டுநர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளட்ச், கியர் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

மழை என்றாலே எல்லோரும் வழுக்குவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், கண் தெரியாமல் போவதுதான் பெரிய ஆபத்து. குழி தெரிந்தால் ஒதுங்கிப் போகலாம். தெரியாத குழியில் எவ்வளவு நல்ல டயரும் காப்பாற்றாது. அதனால் இந்தப் பதிவில் வைசருக்குத்தான், அதாவது ஹெல்மெட்டின் முன்கண்ணாடிக்குத்தான், அதிக இடம்.

1. வண்டியைப் பாருங்கள்

டயரின் பக்கவாட்டில் சிறிய முக்கோணம் அல்லது 'டிடபிள்யூஐ' என்ற எழுத்து இருக்கும். அதற்கு நேராக, பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு தெரியும். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். மழைக்காகக் காற்றைக் குறைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். காற்று குறைந்தால் தண்ணீரை வெளியே தள்ளும் பள்ளங்கள் நசுங்கி மூடிக்கொள்ளும். கம்பெனி சொன்ன அளவே சரி.

செயினுக்கு 90 கியர் ஆயில் வெயில் காலத்தில் போதும். மழையில் சீக்கிரம் கழுவிக்கொண்டு போய்விடும், அதனால் இந்த மாதங்களில் நான் ஸ்ப்ரேதான் அடிக்கிறேன். பிரேக் லைட் எரிகிறதா என்று பின்னால் யாரையாவது நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. உடை

பேன்ட்டும் ஜாக்கெட்டுமாக இரண்டு துண்டு ரெயின்கோட் வாங்குங்கள். போர்த்திக்கொள்ளும் மாடல் காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கும். ஜாக்கெட்டின் தலைமூடியை ஹெல்மெட்டுக்குள் போடாதீர்கள். ஹெல்மெட் சரியாக உட்காராது, திரும்பிப் பார்த்தால் பாதிப் பார்வையை மறைக்கும். ரப்பர் செருப்பு வேண்டாம், சிக்னலில் கால் ஊன்றும்போது வழுக்கும்.

பின்னால் உட்கார்ந்தவர் குடை பிடிப்பதை இன்னும் தினமும் பார்க்கிறேன். ஒரு காற்று அடித்தால் குடையோடு அவரும் பின்பக்கம் போய்விடுவார். அவருக்கும் ஒரு ரெயின்கோட் வாங்கிக்கொடுங்கள்.

இதையெல்லாம் வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். மழை பிடித்ததும் மேம்பாலத்துக்குக் கீழே பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் சேர வேண்டாம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு நீங்கள் அங்கே நிற்பது தெரியாது. நின்றே ஆகவேண்டும் என்றால் சாலையை விட்டு இறங்கி ஒரு கடை வாசலுக்குப் போங்கள்.

3. வைசர்

என்னை ரொம்ப நாள் படுத்திய விஷயம் இது. வெளியே விழும் மழைத்துளி பெரிய பிரச்சினை இல்லை, கையுறை விரலால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். உள்ளே படியும் மூச்சு ஆவிதான் தொல்லை. மழையில் வைசர் குளிர்ந்துவிடுகிறது, மூச்சு சூடாக ஈரத்தோடு வருகிறது, இரண்டும் சேர்ந்ததும் பனிமூட்டம். வண்டி ஓடும்போது காற்று உள்ளே புகுந்து அதைக் கலைத்துவிடும். சிக்னலில் நின்றதும் மொத்தமாக மூடிக்கொள்ளும். ஆகவே நிற்கும்போதெல்லாம் வைசரை ஒரு கிளிக் மேலே தூக்குங்கள். தாடைப் பக்கத்துக் காற்றுத் துளையை மழைக்காலம் முழுக்கத் திறந்தே வையுங்கள். தண்ணீர் வருமே என்று அதை மூடுகிறவர்களுக்குத்தான் ஆவி அதிகம் படியும்.

அடுத்தது, பாத்திரம் கழுவும் லிக்விட். ஒரே ஒரு சொட்டு எடுத்து உட்புறம் முழுக்கத் தடவி, மெத்தென்ற உலர்ந்த துணியால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள். கழுவக் கூடாது. அந்த மெல்லிய படலத்தின் மேல் ஈரம் துளித்துளியாக நிற்காமல் சமமாகப் பரவிவிடும், அதனால் ஊடே பார்க்கலாம். காலையில் தடவினால் மாலைக்குள் தேய்ந்துவிடும். கொஞ்சம் கூடுதலாகத் தடவிவிட்டால் மழை உள்ளே தெறிக்கும்போது சோப்பு கண்ணில் இறங்கும், எரிச்சல் தாங்காது.

காசு செலவழிக்கத் தயார் என்றால் பின்லாக் பொருத்தும் வசதியுள்ள ஹெல்மெட் வாங்குங்கள். வைசருக்குள் இன்னொரு தகடு உட்கார்ந்து, நடுவில் காற்று அடைபட்டிருக்கும். உள் தகடு குளிராததால் ஆவி படியாது. நான் பார்த்தவற்றில் முழுசாக வேலை செய்வது இது ஒன்றுதான். வெளிப்பக்கத்துக்கு விற்கும் மழைநீர் ஒட்டாத திரவங்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. துளிகள் வழுக்கி ஓட நல்ல வேகம் வேண்டும், நம் ஊர் நெரிசலில் அதற்கு எங்கே போவது?

கண்ணாடி போடுகிறவர்களுக்கு இரட்டைத் தொல்லை. மூக்குக்கு மேலே பொருத்தும் மூச்சுத் தடுப்பு தனியாகக் கிடைக்கிறது, மூச்சைக் கீழே திருப்பிவிடும். மாஸ்க் போட்டு ஓட்டினால் மூச்செல்லாம் நேராகக் கண்ணாடிக்குத்தான் போகும்.

கறுப்பு வைசர் மழையில் கூடவே கூடாது. கீறல் விழுந்த வைசரையும் மாற்றிவிடுங்கள். எதிரே வரும் ஹெட்லைட் ஒவ்வொரு கீறலிலும் தெறித்து, இரவில் சாலையே தெரியாது.

*பிறகு சேர்த்தது:* ஆவி படியாத பூச்சு ஏற்கனவே இருக்கும் வைசரில் சோப்புத் தடவி, பூச்சு திட்டுத்திட்டாகிவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பூச்சு உள்ள வைசருக்கு வெறும் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். பின்லாக் தகட்டுக்கும் அப்படியே.

4. ஓட்டும்போது

மழை ஆரம்பித்த முதல் அரை மணி நேரம்தான் சாலை அதிகம் வழுக்கும். தூசியும் எண்ணெயும் மேலே மிதந்து வரும் நேரம் அது. அவசரமில்லை என்றால் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வெள்ளைக் கோடுகள், பாதாளச் சாக்கடை மூடிகள், மேம்பால இணைப்புகள், மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடுகள், இவற்றின் மேல் பிரேக்கும் கூடாது, வளைப்பதும் கூடாது. நேராக, ஒரே வேகத்தில் கடந்துவிடுங்கள்.

முன் பிரேக்குக்குப் பயப்படாதீர்கள். வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி அதனுடையது. இரண்டு பிரேக்கையும் சீக்கிரமே தொட்டு, மெதுவாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் நிறைய வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்துப்போக வாய்ப்புண்டு. ஏபிஎஸ் இருந்தாலும் வளைவுக்குள் பிரேக்கை அழுத்தாதீர்கள், முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

முன்னால் போகும் காரின் டயர் தடத்திலேயே போங்கள். அங்கே தண்ணீர் குறைவு, குழி இருந்தால் கார் குலுங்குவதே சொல்லிவிடும். அந்தக் கார் ஒரு கம்பத்தைத் தாண்டிய பிறகு நீங்கள் அங்கே வர நான்கு நொடியாவது ஆக வேண்டும்.

5. தேங்கிய தண்ணீர்

சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் திரும்பிவிடுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. சாலையில் என்றால், மற்ற வண்டிகளின் சக்கரம் பாதிக்கு மேல் மூழ்குகிறதா என்று நின்று பாருங்கள். மூழ்கினால் போகாதீர்கள். அதற்குக் குறைவு என்றால் முதல் கியர், அரை கிளட்ச், ஆக்சிலேட்டரை விடாமல் ஒரே சீராகப் போங்கள். வெளியே வந்ததும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும்.

நடுவில் நின்றுபோனால் செல்ஃப் போடவே போடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு மேட்டுக்குப் போங்கள். எஞ்சின் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

தள்ளும்போது நடைபாதையோர மின்பெட்டிகளுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். அறுந்த கம்பி கண்ணில் பட்டால் தூரத்தில் நின்றபடியே மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள்.

*இன்னொரு சேர்க்கை:* எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். பேட்டரிக்கு 'ஐபி67' என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் அசையாத நல்ல தண்ணீரில் சோதித்தது என்று பொருள். அது பேட்டரிக்கு மட்டுமா, மோட்டாருக்கும் கன்ட்ரோலருக்குமா என்று ஷோரூமில் கேளுங்கள். சாக்கடை கலந்த வெள்ளத்தில் நின்ற வண்டியை சர்வீஸில் காட்டாமல் சார்ஜில் போடாதீர்கள்.