புது வீட்டுக்கு அடுக்களை பிளான் போடுறது எப்படி? மொதல்ல இருந்து சொல்லுதேன்

வீடு கட்டுத முக்காவாசி பேரு ஹாலுக்கும் போர்டிகோவுக்கும் ஆயிரம் படம் பாக்குதாங்க, அடுக்களைன்னு வந்தா மட்டும் மாடுலர் கிச்சன் (ரெடிமேட் கப்போர்டு அடுக்களை) போடுதவர் கொண்டு வார கேட்லாக்ல கலர் செலக்ட் பண்ணி முடிச்சிருதாங்க. கலரெல்லாம் கடைசி வேலங்க. பைப் போட்டு, ஒயரிங் முடிச்சு, டைல்ஸும் ஒட்டின பொறவு ஒரே ஒரு பிளக் பாயிண்ட நகத்தணும்னாலும் சொவத்த வெட்டணும், அதனால பூச்சுக்கு முன்னாடியே இதெல்லாம் முடிவாகிருக்கணும்.

மொத வேல, ஒரு தாள எடுத்து உங்க வீட்டு சாமான எழுதுங்க. கிரைண்டர், மிக்ஸி, இட்லி கொப்பரை, மாவுச்சட்டி, அருவாமனை, குடிதண்ணி குடம், பொங்கலுக்கு மட்டும் எறக்குத பெரிய பானை எல்லாம். கேட்லாக் படத்துல கிரைண்டருக்கு எடமே இருக்காது, ஆனா நம்ம ஊர்ல இட்லியும் தோசையும் இல்லாத வாரம் உண்டா? கிரைண்டர் தெனம் தூக்கி எறக்குத சாமான் இல்ல, சிங்க் பக்கத்துலயே ஒரு பிளக்கோட நிரந்தரமா எடம் குடுத்துருங்க, ஆட்டி முடிச்ச கையோட கழுவிக்கிடலாம்.

அடுத்து ரூம அளங்க. மேடை அகலம் 2 அடி வேணும், ரெண்டு பக்கமும் மேடைன்னா 4 அடி போயிரும், நடுவுல ரெண்டு பேரு இடிச்சிக்கிடாம நிக்க இன்னொரு 4 அடி. ஆக 8 அடி அகலம் இல்லாத ரூம்ல யு ஷேப்புக்கு ஆசப்படாதீங்க, எல் ஷேப்பே தாராளம்.

இப்ப அடுப்பு, சிங்க், பிரிட்ஜ் இந்த மூணும் எங்கன வரணும்னு பாக்கணும். இதுக்கு வேலை முக்கோணம்னு ஒரு கணக்கு உண்டு, 1940கள்ல அமெரிக்காவுல இல்லினாய் பல்கலைக்கழகத்துல வகுத்தது. மூணுக்கும் நடுவுல கோடு போட்டா ஒவ்வொரு கோடும் 4ல இருந்து 9 அடி, மொத்தம் 13ல இருந்து 26 அடிக்குள்ள இருக்கணும். அதோட நான் சொல்லுதது, சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவுல காய் நறுக்க 3 அடியாவது வெத்து மேடை விடுங்க, அடுப்ப மூலைக்குள்ள தள்ளாதீங்க, ரெண்டு பக்கமும் சட்டி எறக்கி வைக்க ஒரு அடி எடம் வேணும்.

நம்ம நெல்லை, தென்காசி பக்கம் ரொம்ப முக்கியமானது காத்து. ஆனி ஆடில மேக்க இருந்து செங்கோட்டை கணவாய் வழியா அடிக்குத காத்து தெரியும்லா, மேக்கு ஜன்னலுக்கு நேரா அடுப்ப வச்சா சிம்ல வச்ச பால் அடுப்பு அணைஞ்சே போயிரும், தீ அணைஞ்சாலும் கேஸ் வந்துக்கிட்டே இருக்கும், அது ஆபத்து. அதனால ஜன்னலுக்கு கீழ சிங்க் வரட்டும், அடுப்பு காத்து நேரா படாத சொவத்துல இருக்கட்டும். வாஸ்து பாக்குதவங்க அக்கினி மூலைல வப்பாங்க, அங்க வெளிச்சொவரு கெழக்கும் தெக்குமா வாரதால மேக்காத்து நேரா அடிக்காது, அதுவும் நல்லதுதான். எக்ஸாஸ்ட் ஃபேனையும் மேக்கு சொவத்துல மாட்டாதீங்க, வெளிய தள்ளுத புகைய காத்து திரும்ப உள்ளயே தள்ளிரும்.

தண்ணிக்கு ரெண்டு லைன் கேளுங்க. ஆத்துத்தண்ணி சமைக்க குடிக்க, போர் தண்ணி கழுவ. போர் தண்ணி உப்பா இருந்தா சிங்க்ல வெள்ளையா படியும், அதனால கடைசியா ஒரு தடவ ஆத்துத்தண்ணில அலசுத மாதிரி ரெண்டு குழாயும் ஒரே சிங்க்ல வரட்டும். எடம் இருந்தா பொறவாசல்ல பழைய அங்கணம் மாதிரி ஒரு கல்லு, குழாய் போட்டுருங்க. மீன் கழுவ, பெரிய பாத்திரம் தேய்க்க அதவிட சௌகரியம் எந்த மாடுலர்லயும் கெடையாது.

மேடை ஒயரத்த கொத்தனார்கிட்ட விட்டுறாதீங்க. சமைக்குதவங்கள நிக்க வச்சு முழங்கைய மடக்கச் சொல்லி தரைல இருந்து முழங்கை வரைக்கும் அளந்து அதுல 4, 5 இன்ச் கழிச்சிக்கிடுங்க. 5 அடி ஒயரத்துக்கு 32, 33 இன்ச் வரும். மேடைக்கு மேல வைக்குத அடுப்புன்னா அதோட ஒயரமும் சேரும், அந்த எடத்த மட்டும் கொஞ்சம் தாழ்த்தலாம்.

சிலிண்டர் எப்பவும் நிமித்தியே இருக்கணும், அடுப்பு அதவிட ஒயரத்துல இருக்கணும். கேஸ் காத்த விட கனம், லீக் ஆனா தரையோட படியும், அதனால சிலிண்டர் கப்போர்டுக்கு கீழ்ப்பக்கம் காத்துப்போக்கு ஓட்டை வேணும், அதுக்குள்ள பிளக்கோ சுவிட்சோ கூடவே கூடாது. ஓவன் வாங்குத யோசனை இருந்தா 16 ஆம்பியர் பாயிண்ட் ஒண்ணு தனியா சொல்லிருங்க. சிங்குக்கு அடில மட்டுமாவது பி.டபிள்யு.பி. (கொதிக்குத தண்ணிலயும் பிரியாத ரகம்) பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை இருக்கான்னு பாத்து வாங்குங்க.

இதெல்லாம் முடிவானதும் வெறும் தரைல சாக்பீஸால மேடை, அடுப்பு, சிங்க், பிரிட்ஜ் எல்லாத்தையும் நெஜ அளவுல வரைங்க. அம்மாவையோ மதினியையோ கூட்டிட்டு வந்து சொதி (தேங்காப்பால் ஊத்தி வைக்குத காய்கறிக் கொழம்பு) வைக்குத மாதிரி நடந்து காட்டச் சொல்லுங்க. தேங்கா திருவ உக்காருத எடம், மிக்ஸில அடிச்சு பால் பிழியுத எடம், மூணு பாலும் மூணு பாத்திரத்துல அடுப்புக்கு வலப்பக்கம் காத்துக்கெடக்கணும், சக்கையும் செரட்டையும் எங்கன போகும், காய் வெந்ததும் கடைசில மொதப்பால் ஊத்தி கொதிக்குமுன்ன எறக்கணும்லா, அந்த சட்டிய எங்க வப்பாங்க. எந்த எடத்துல அவங்க திரும்பி முழிக்காங்களோ அங்க கோட்ட அழிச்சு மாத்தி வரைங்க. சரியா வந்ததும் குழாய், பிளக் வார எடத்தயும் அதுலயே குறிச்சு ஒரு போட்டோ எடுத்து கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீசியன் மூணு பேருக்கும் அனுப்பிருங்க.